வளைவுக்கு இந்தப் பக்கம் போட்ட கோடுகள்

ஜூன் 4

அன்புள்ள சண்டிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்று தெரியும். கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுப்பாய், அதனால் எழுதுகிறேன். இன்னொரு வசதியும் இருக்கிறது. நான் எழுதும்போது நீ குறுக்கே புகுந்து பேச முடியாது.

உன் புது விலாசத்தை மருந்துக்கடைக்காரரிடம் வாங்கினேன். வீட்டுச் சாவியை அவரிடம்தானே கொடுத்துவிட்டுப் போனாய்? சுவரோடு சுவராக ஒட்டிய வீட்டில் அண்ணி நான் இருக்கிறேன், சாவி சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. "உங்ககிட்ட சொல்லலீங்களா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். "சொன்னா, நான்தான் மறந்துட்டேன்" என்றேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வேன் வந்து நின்றபோது நான் மிஷினில் உட்கார்ந்து ஒரு பேண்ட்டின் கால் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். உன் கட்டில் படியில் இடிபட்டு இறங்கும் சத்தம் கேட்டது. "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்று மாப்பிள்ளை சொன்னதும் கேட்டது. "ஒரு வார்த்தையும் வேண்டாம், ஏறுங்க" என்று நீ சொன்னது தெருவுக்கே கேட்டது. நான் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன். வேன் போன பிறகு பார்த்தால் ஒரே மடிப்பின் மேல் நாலைந்து தையல் ஓடியிருக்கிறது. பிரித்து மறுபடி அடித்தேன்.

தெருவில் இப்போது என்னோடு பேசுவது மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். அவரும் கடையில் வேறு ஆள் இருந்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். உன் அண்ணன் வாசலில் வண்டி மோதிப் போன பிறகு நீயும் நானும் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, சாலைக்குக் குறுக்கே, ஏறினால் வண்டி தடதடக்கும் இந்த மேட்டுக் கோடுகளைப் போடவைத்தபோது இதே தெருதானே நம்மோடு வந்தது? எல்லோரும்தானே கையெழுத்துப் போட்டார்கள்? "வண்டிங்க வேகம் குறையட்டும், இன்னொரு வீட்டுக்கு இப்படி நடக்கக் கூடாது" என்று ஹெட்மாஸ்டர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாரே. இன்று அதே அம்மா ஜிப் மாற்றுவதற்கு அடுத்த தெரு வரை நடக்கிறார். "தையக்காரம்மா ரோட்டுக்குத் தையல் போட்டுட்டாங்க, நம்ம தூக்கம் கிழிஞ்சுபோச்சு" என்பது இப்போது தெருவில் ஓடும் நகைச்சுவை. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சத்தத்தைப் பற்றி உன்னிடம் என்ன சொல்வது, நீ அனுபவித்தவள். பாரம் ஏற்றிய லாரியைவிடக் காலி லாரிதான் மோசம். சங்கிலி, பலகை, பின்கதவு எல்லாம் சேர்ந்து ஆடும். ஜன்னலோரம் வைத்திருக்கும் குண்டூசி டப்பா நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடுகிறது. அதைத் தள்ளி வைப்பதே எனக்கு ஒரு வேலை.

மாப்பிள்ளையின் கை எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது.

அண்ணி

ஜூன் 13

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. வராததைப் போட எனக்குத் தெரியாது.

கையைக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளங்கையில் புதுத் தோல் வருகிறது. விரலை முழுதாக மடக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுகிறேன். ரொட்டி கம்பெனியில் அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை, ரொட்டியை உறையில் போடும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பெரிய அடுப்பை ஆண்டவர், இப்போது பிளாஸ்டிக் பையை ஊதிப் பிரித்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவருக்குப் பகல்தான் ராத்திரி, அது உங்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க அனலில் நின்றுவிட்டு வந்து படுப்பார். படுத்ததும் நம் வாசலில் தடதடதடவென்று ஆரம்பிக்கும். பஞ்சு வைத்தார். துண்டைக் கட்டினார். சமையலறைத் தரையில் போய்ப் படுத்துப் பார்த்தார். "பழகிடும்" என்று என்னையே சமாதானப்படுத்தினார். கடைசியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடி தூங்கி, சுடச்சுட வந்த தட்டின் மேல் கையை ஊன்றிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கோடுகளை எடுக்கச் சொல்லும் மனுவை உங்களிடம் கொண்டுவந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உங்க அண்ணன் விழுந்த இடத்தைச் சுரண்டச் சொல்றியா?" என்று, ஏதோ நான் அண்ணனையே சுரண்ட வந்தவள் மாதிரி கேட்டீர்கள். அவர் உங்களுக்குப் புருஷன் என்றால் எனக்கு அண்ணன். உங்களுக்கு முன்னால் எனக்குத்தான் அவர் சொந்தம். நீங்கள் கல்யாணமாகி வந்தவர்.

"செத்தவருக்காக உயிரோட இருக்கறவங்களைச் சாகடிக்காதீங்க" என்றேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. சொன்ன விதத்தை வேண்டுமானால்... அதை விடுங்கள்.

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. ஊரே பார்க்கட்டும் என்று பெரிதாகப் போட்டேன். 

இங்கே மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை. வந்த முதல் நாள் அவர் தூங்கிய தூக்கத்தைப் பார்த்து, மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். எனக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மெஷின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது.

பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

சண்டி

ஜூன் 27

அன்புள்ள சண்டிக்கு,

நான் போடுகிறேன் 'அன்புள்ள'. உனக்கு வராவிட்டால் போகட்டும், எனக்கு வருகிறது.

"கல்யாணமாகி வந்தவர்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வந்தவள்தான். வந்த அன்று நீ பாவாடையில் மைக்கறையோடு வாசலில் நின்று, "இவங்க எங்க ரூம்ல படுக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டவள். உனக்குத் தலை பின்னிவிட்டதும் வந்தவள்தான். நீ பரீட்சையில் தோற்றபோது உன் அண்ணனிடம் சொல்லாமல் மூடி மறைத்ததும் அந்த வந்தவள்தான். இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்திருந்தேன். நீ சொல்லவைத்துவிட்டாய்.

மாப்பிள்ளையின் கையைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுப்பு வேலையில் அவர் எவ்வளவு பெருமையாக இருந்தார் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்.

உன் வீட்டைப் பார்க்க ஒரு புது ஜோடி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. "கிச்சன்ல வெளிச்சம் நல்லா வருது" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு காலி லாரி வந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். "இது எப்பவாச்சும் வர்றதுதானே?" என்று அந்தப் பையன் என்னைப் பார்த்துக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. பதிலை லாரியே சொல்லிவிட்டதால் எனக்குப் பொய் சொல்லும் வேலை மிச்சம்.

உன் மனு சாலை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரு விதி சொல்கிறார்களாம். கோடுகள் வேண்டுமென்று முதலில் மனு கொடுத்தவர் யாரோ, அவரே எடுப்பதற்குச் சம்மதம் எழுதித் தர வேண்டுமாம். மனு என் பெயரில்தானே போனது? ஆக, தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டும் பந்து என் காலடியில் கிடக்கிறது. மருந்துக்கடைக்காரர் காகிதத்தோடு வந்தார். பாவம், அவரைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். "நீங்க போட்டாத்தான் நடக்கும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை என் வாசல் குப்பைக் கூடையை யாரோ உதைத்துக் கவிழ்த்திருந்தார்கள். நூல் துண்டும் துணி வெட்டும்தான், சாலை முழுக்கப் பறந்தது. பெருக்கி அள்ளினேன். யாரும் வெளியே வரவில்லை.

தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை நான் தனியாகவே இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, சண்டி.

அண்ணி

ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

போட்டுவிட்டேன், பாருங்கள். குப்பைக் கூடைக்காகத்தான் போட்டேன்.

அதை உதைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்த டயர் கடைக்காரன்தான். அவனுடைய ஏர் கம்ப்ரஸர் போடும் சத்தத்துக்கு நாம் என்றைக்காவது அவன் கூடையை உதைத்தோமா? நான் அங்கே இருந்திருந்தால் அவன் கடை வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். இப்போது இங்கே உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர், "யாரைத் திட்டற?" என்று எழுந்து வந்து கேட்கிறார்.

'வந்தவர்' என்று எழுதியது தப்பு. அந்த மைக்கறைப் பாவாடையை நீங்கள் எலுமிச்சம்பழம் தேய்த்து வெளுத்துக் கொடுத்தீர்கள், அதையும் எழுதியிருக்கலாம், விட்டுவிட்டீர்கள்.

சம்மதம் கொடுங்கள், கொடுக்காதீர்கள், நான் இனிமேல் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒன்று. நான் அந்த இடத்தை மதிக்காதவள் என்று மட்டும் நினைக்காதீர்கள். கோடு போட வந்த அன்று யார் அவர்களை மறித்தது? நினைத்துப் பாருங்கள். பெயிண்ட் உருக்கும் வண்டியை அவர்கள் வளைவைத் தாண்டி, அந்தக் காலி பைப் யார்டுக்கு எதிரே நிறுத்தினார்கள். அங்கே மஞ்சளாகக் குறி போட்டிருந்தது. "மேடம், எஞ்சினியர் மார்க் இங்கதான் இருக்கு" என்றார் மேஸ்திரி. "எங்க அண்ணன் விழுந்தது அங்க இல்ல. வளைவுக்கு இந்தப் பக்கம், எங்க வாசல்ல" என்று நான்தான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "மார்க்கை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்று அவர் இழுத்தார். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. போய் அந்த இடத்தில், நடுச்சாலையில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. ஹாரன் அடித்தார்கள். நீங்கள் அசையவில்லை. கடைசியில் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு, "சரி, ஊத்துங்கடா இங்கயே" என்றார்.

அன்றைக்கு எனக்கு உங்களைப் பார்த்தால் அவ்வளவு பெருமையாக இருந்தது. சுடச்சுட வெள்ளையாக அந்தக் கோடு அண்ணன் விழுந்த இடத்தில் பரவியபோது, அவருக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று இருந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று அழுதோம். அதெல்லாம் எனக்கு மறக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

அவர் இப்போது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கிறார். உங்களிடம் சொல்லச் சொன்னார்.

சண்டி

ஜூலை 30

அன்புள்ள சண்டிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படி. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி.

சாலை அலுவலகத்திலிருந்து ஒரு எஞ்சினியர் பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், தலையில் தொப்பி, கையில் சுருட்டிய வரைபடம். நான் சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். அவள் சண்டை போட வரவில்லை. "தண்ணி குடுக்கறீங்களா?" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சாலையோரமாக நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வளைவு வரை நடந்து போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிறகு என் மிஷின் மேல் வரைபடத்தை விரித்தாள்.

"வரைபடத்துல இது பைப் யார்டுக்கிட்ட இருக்கும்மா. இங்க எப்படி வந்துச்சு?"

நடந்ததைச் சொன்னேன். நீ சட்டையைப் பிடித்தது, நான் உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன் என்று வைத்துக்கொள். அவள் கோபப்படவில்லை. வரைபடத்தில் வளைவின் மேல் விரலை வைத்தாள்.

"கேக்கறதுக்குக் கஷ்டமா இருக்கும், சொல்லட்டுமா?" என்றாள். "வண்டி வளைவு திரும்பி வந்து ஆளைப் பாக்கற இடம்தான் இது. இங்க சத்தம் வந்து என்ன பிரயோஜனம்? அந்தச் சத்தம் வளைவுக்கு முன்னாடி வரணும். அப்பதான் டிரைவர் கால் பிரேக்குக்குப் போகும். இங்க போட்டா முழு வேகத்துல வந்து ஏறுவான். அதனாலதான் உங்களுக்கும் இவ்வளவு சத்தம்."

"அப்ப இது இவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்தேன்.

"யாரையும் காப்பாத்தலம்மா" என்றாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை நாள் சத்தத்தைக் கேட்டேனே தவிர, வண்டிகளைப் பார்க்கவே இல்லை. அவள் சொன்னது அப்படியே நிஜம். வளைவில் திரும்பும்போது ஒருவனும் வேகத்தைக் குறைப்பதில்லை. கோட்டில் ஏறிய பிறகுதான் திடுக்கிட்டுக் குறைக்கிறான். அதற்குள் உன் அண்ணன் நின்ற இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறான். போன வாரம்கூட ஹெட்மாஸ்டர் வீட்டம்மா பால் வாங்கிக்கொண்டு கடக்கும்போது ஒரு வேன் அவர் புடவையை உரசிக்கொண்டு போனதாம். மருந்துக்கடைக்காரர் இன்றுதான் சொன்னார். 'உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல' என்றார்.

நாம் சாலையில் நடக்கிறவர்களுக்காக அதைப் போடவில்லை. உன் அண்ணனுக்காகப் போட்டோம். அவரோ போய்விட்டார்.

எஞ்சினியர் பெண் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் சம்மதம் எழுதிக் கொடுத்தால், இங்கிருப்பதை எடுத்துவிட்டு, முதலில் குறித்த இடத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம் போட்டுத் தருவாளாம். அங்கே வீடே இல்லை. காகிதம் மிஷின் மேல் இருக்கிறது. பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அந்தக் கோடு கண்ணில் படுகிறது. அது இல்லாவிட்டால் காலையில் எழுந்து நான் எதைப் பார்ப்பேன்?

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நீ கேட்டது இதைத்தானே? ஒரு வரி எழுது.

அண்ணி

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணி,

கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தாமதத்துக்குத் திட்டு வாங்கினேன். என்ன திட்டினார்கள் என்று காதில் விழவில்லை.

நான் சொல்வது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. முதல் கையெழுத்து நான்தான் போட்டேன், பெரிதாகப் போட்டேன். ஏன் போட்டேன் தெரியுமா? நீங்கள் போடவே மாட்டீர்கள் என்ற தைரியத்தில் போட்டேன். எனக்கு இந்த மனிதரின் கையைப் பார்த்தால் கோபம் வந்தது, அதை யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது. நான் என்ன கத்தினாலும், எந்தக் காகிதத்தில் கிறுக்கினாலும், அண்ணி இருக்கிறார், அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று இருந்தேன். வீட்டைக் காலி செய்தபோதும் அந்த நம்பிக்கையில்தான் செய்தேன். நான் போனால் என்ன, அவர் அங்கே உட்கார்ந்திருப்பார் என்று.

இப்போது நீங்களும் பேனாவை எடுத்துவிட்டால் அண்ணனுக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த எஞ்சினியர் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். அவளுக்கு அண்ணன் இருக்கிறானா? புதிதாக ஒன்றை வேண்டுமானால் வளைவுக்கு அந்தப் பக்கம் போடட்டும், யார் வேண்டாம் என்றது? இதை ஏன் எடுக்க வேண்டும்? சத்தம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். தெருக்காரர்கள் உங்களோடு பேசாவிட்டால் நான் வாரம் ஒரு கடிதம் எழுதுகிறேன். வேண்டுமானால் போனும் எடுக்கிறேன்.

அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அக்கா இஷ்டத்துக்கு விடு" என்றார். அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் விடு என்பார்.

போடாதீர்கள், அண்ணி. கெஞ்சிக் கேட்கிறேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது என்று அண்ணன் எப்போதும் சொல்வார். இப்போது கெஞ்சுகிறேன்.

சண்டி

ஆகஸ்ட் 28

அன்புள்ள சண்டிக்கு,

போட்டுவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே போட்டுவிட்டதாக எழுதினால் நீ நம்பியிருப்பாய், எனக்கும் சௌகரியம். அப்படியில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் போட்டேன்.

நீ என் தைரியத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் உன் கோபத்தின் தைரியத்தில் போடாமல் இருந்திருக்கிறேன். தங்கையே எடு என்கிறாள், நானாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று. இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறோம். நடுவில் ஹெட்மாஸ்டர் வீட்டம்மா பால் பாத்திரத்தோடு சாலையைக் கடந்துகொண்டிருந்திருக்கிறார். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த அம்மாவின் புடவைதான் நினைவுக்கு வந்தது. உன்னை நினைத்து அழுதேன். அழுதுகொண்டேதான் போட்டேன், மை கலைந்துவிட்டது, எஞ்சினியர் பெண் வேறு காகிதம் கொடுத்து மறுபடி போடச் சொன்னாள்.

இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டும் இருக்கட்டுமே என்று உனக்காக அவளிடம் கேட்டேன். "அப்ப உங்க மாப்பிள்ளை மாதிரி இன்னும் யாரோட கை வேகணும்?" என்றாள். கையைப் பற்றி அவளிடம் சொன்னது நான்தான், யாரை நோவது?

திங்கட்கிழமை வந்தார்கள். அதே மேஸ்திரி. என்னைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கவே தயங்கினார். "இன்னிக்கும் நடு ரோட்டுல உக்காந்துடுவீங்களோன்னு பயந்துகிட்டே வந்தேன்" என்றார். "இன்னிக்கு நாற்காலியிலதான் உக்காரப் போறேன், நீங்க வேலையைப் பாருங்க" என்றேன். சுரண்டும் மெஷினைப் போட்டார்கள். நம் கோடு போட்ட சத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தெருவே வாசலில் வந்து நின்றது. ஒருவரும் கை தட்டவில்லை, சந்தோஷப்படவில்லை, அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஹெட்மாஸ்டர் வீட்டம்மா வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். முடியும்வரை அங்கேயே நின்றார்.

சுரண்டிய இடம் கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அதுவாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் தார் வண்டி வந்தது. வளைவிலிருந்து டயர் கடை வரை ஒரே சீராகப் புதுத் தார் போட்டு உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது பைப் யார்டுக்கு எதிரே புதுக் கோடு இருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் தூரத்தில் லேசாகக் கேட்கும். வளைவு திரும்பும்போதே வண்டிகள் அடங்கி வருகின்றன. அவள் சொன்னது சரிதான். நான் வாசலில் நின்று பார்க்கிறேன், ஒவ்வொரு டிரைவரும் என் முகத்தைப் பார்க்கும் வேகத்தில் வருகிறான். அன்றைக்கே குறித்த இடத்தில் போட விட்டிருக்கலாம். விட்டிருந்தாலும் உன் அண்ணன் வரப் போவதில்லை, ஆனால் மாப்பிள்ளையின் கை நன்றாக இருந்திருக்கும், நீ பக்கத்து வீட்டில் இருந்திருப்பாய்.

தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஜிப்பும் மடிப்பும் வருகின்றன. எனக்குத்தான் பேச வாய் வரவில்லை. மிஷினை நிறுத்தினால் வீடு அப்படி ஒரு அமைதியாக இருக்கிறது. உன் அண்ணன் போனதுகூட இப்போதுதான் நடந்த மாதிரி இருக்கிறது.

உன் வீடு காலியாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை பகலில் தூங்கலாம். வா என்று சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணி

செப்டம்பர் 16

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. கெஞ்சியும் நீங்கள் கேட்கவில்லையே என்று இருந்தது. போன் எடுக்கிறேன் என்று எழுதியிருந்தேன், நீங்கள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அவரிடம் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை நிழலில் இறங்கி நின்றேன். கடை பூட்டியிருந்தது. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் விழுந்த இடத்தில் போய் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்றுதான் வந்தேன். என்ன வேண்டுமானாலும் எடுக்கட்டும், தார் போடட்டும், என் கண்ணுக்குத் தெரியாதா என்ற திமிர். தெரியவில்லை, அண்ணி. அந்த மின்கம்பத்துக்கு நேரே என்று தோன்றியது. பிறகு இல்லை, இன்னும் கொஞ்சம் வளைவுப் பக்கம் என்று தோன்றியது. சாலை முழுக்க ஒரே கறுப்பாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. நான் அவருடைய தங்கை. எனக்கு அந்த இடம் தெரியவில்லை.

உங்கள் ஜன்னல் திறந்திருந்தது. நீங்கள் குனிந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நூல் நுழையவில்லை. வாயில் வைத்து ஈரமாக்கி மறுபடி மறுபடி முயன்றீர்கள். எனக்குக் கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கண்ணாடியை மாற்றுங்கள். அண்ணன் இருந்தபோதே சொன்னார்.

நீங்கள் தினமும் ஜன்னலிலிருந்து பார்த்தவர். உங்களுக்கு அந்த இடம் தெரியும். எனக்குக் காட்டுவீர்களா?

சண்டி

செப்டம்பர் 20

அன்புள்ள சண்டிக்கு,

எனக்கும் தெரியாது.

தார் போட்டு முடித்த அன்று, ஆறுவதற்குள் ஓரமாக ஏதாவது அடையாளம் வைக்கலாமா என்று இறங்கினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். உன்னைப் போலத்தான் நானும், ஒரு நாள் மின்கம்பத்துக்கு நேரே என்பேன், மறுநாள் இல்லை என்பேன். நீ கேட்டதும், ஏதாவது ஒரு இடத்தைக் கை காட்டி 'இதுதான்' என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நான் சொன்னால் நீ நம்புவாய். அப்புறம் நீ மட்டும் அந்த இடத்தில் நின்று அழுவாய், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் முடியாது. தெரியாமல் இருப்பதென்றால் இரண்டு பேருக்கும் தெரியாமலே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. பஸ் எதிர்ப்பக்கம்தான் இறக்கிவிடும். நான் இந்தப் பக்கம் வாசலில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்துவிடாதே. வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கடந்து வா.

அண்ணி